ஏழாவது கடற்படையும் எங்கள் டீக்கடையும்

அந்தக் காலத்தில் அத்திப்பட்டுக்குச் சொந்தமாக ஒரு வெளியுறவுத் துறை இருந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், கடைக்காரர் தன் செலவில் வாங்கிப்போடும் ஒரே ஒரு தினத்தந்தி. முதலில் கன்னித்தீவு, அடுத்து கொலை, அதற்கப்புறம்தான் ஐ.நா. சபை என்று வாசிப்பில் ஒரு வரிசை உண்டு. ஐ.நா. சபைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு உப்பளத்தில் வேலை தாமதமாகத்தான் தொடங்கும். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அந்தப் பெஞ்சில் தீர்ப்பாகாமல் போன உலகத் தகராறு எதுவும் எனக்கு நினைவில்லை. வியட்நாமிலிருந்து அமெரிக்கா மூட்டை கட்ட வேண்டும் என்பதை, அமெரிக்காவுக்கே அது தோன்றுவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் எங்கள் உப்பளக் கணக்கப்பிள்ளை முடிவு செய்துவிட்டார்.

உலகத்தோடு எங்களுக்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை என்பதுதான் இந்தத் துறையின் பலம். ஊரைச் சுற்றி உப்பளம். வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து, மூட்டையாகி, கூட்ஸ் வண்டி ஏறும், கடல் தாண்டாது. கழியில் பிடித்த இறாலும் மடவையும் அன்றைக்கே விற்று அன்றைக்கே குழம்பாகிவிடும். இழக்க ஒன்றுமில்லாதவர்கள் பேசுகிற வெளியுறவுக் கொள்கையில் ஒரு தெளிவு இருக்கத்தான் செய்யும். நிக்சனை எங்கள் ஊரில் 'அவன்' என்பார்கள். பிரெஷ்னேவ் 'அவர்'.

கையால் தொட்ட வெளிநாட்டுச் சரக்கு இரண்டே இரண்டு. ஒன்று, பள்ளிக்கூடத்தில் மதியம் போட்ட மஞ்சள் உப்புமா. 'கேர்' அமைப்பு மூலமாக அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வந்துகொண்டிருந்த காலம் அது. டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். இன்னொன்று 'சோவியத் நாடு' பத்திரிகை. அந்த வழவழப்பான தாளை விட்டால் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட வேறு நாதியில்லை. கூட்டுப் பண்ணையில் டிராக்டர்மேல் உட்கார்ந்து சிரிக்கும் பெண் என் கணக்கு நோட்டின்மேல். அமெரிக்க உப்புமா என் வயிற்றில். அணிசேராக் கொள்கையை விளக்குக என்று பிற்பாடு பரீட்சையில் ஐந்து மார்க்குக்குக் கேட்டபோது இதையே எழுதியிருக்கலாம். உணவு உதவி என்று வந்ததற்குப் பின்னால் பி.எல். 480 என்று ஒரு சட்டம் இருந்தது, வியட்நாம் விஷயத்தில் இந்தியா வாயைத் திறந்த எரிச்சலில் ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் அளந்து அளந்து அனுப்பினார் என்பதெல்லாம் அப்போது எங்களுக்கு யார் சொல்வார்கள்? கணக்கப்பிள்ளை மட்டும் ஒரு தடவை என் தட்டைப் பார்த்து, "தின்னு, தின்னு. தின்னுட்டு அவன திட்டு. அதான் சுதந்திரம்" என்றார்.

1971 டிசம்பர்தான் எங்கள் துறையின் பொற்காலம். பங்களாதேஷ் போர். மாலையானால் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஊரே உட்காரும். ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால், தோற்றவன்கூட மரியாதையாகத் தோற்றது மாதிரி இருக்கும். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய செய்தி வந்தபோது, அது முதலில் நம்ம பக்கம்தான் தேடிக்கொண்டு வந்தது என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். பிறகு அமெரிக்க ஏழாவது கடற்படை. நிக்சன் உத்தரவில், எண்டர்பிரைஸ் என்கிற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் தலைமையில், இந்தியாவை மிரட்ட வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறது என்றார்கள். வங்காள விரிகுடா எங்களுக்குப் பூகோளப் பாடமல்ல. எண்ணூர் முகத்துவாரம் தாண்டினால் அதுதான். ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்வார்கள் என்று ஒரு பேச்சு. அணைக்கும் அளவுக்கு ஊரில் விளக்கு இல்லை.

என் ஆயாவுக்கு இதெல்லாம் பழசு. 1914 செப்டம்பரில் ஜெர்மானிய எம்டன் மெட்ராஸில் குண்டு போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் எரிந்த வெளிச்சம் இங்கே வரைக்கும் தெரிந்ததாகத் தன் அம்மா சொன்னதைச் சொல்வாள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானதை அவளே பார்த்திருக்கிறாள். "ஒவ்வொருத்தனும் வரேன் வரேன்னுதான் சொல்றான். பாதி பேரு வர்றதில்ல" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

கணக்கப்பிள்ளையின் மதிப்பீடு ராணுவ ரீதியானது. "வரட்டும்யா. நம்ம முகத்துவாரத்துல மணல் மூடிக் கிடக்கு. இடுப்பளவு தண்ணி. வந்தா தட்டி நிக்கும். அப்புறம் நாமதான் கயிறு போட்டு இழுத்து வுடணும்." டிசம்பர் 15 வாக்கில் எண்டர்பிரைஸ் விரிகுடாவுக்குள் வந்தது, 16ஆம் தேதி டாக்காவில் சரணாகதி முடிந்தது. மணல் மேட்டுக்கு வேலை வரவில்லை. ஆனாலும் அதில் எங்கள் மணலுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணம் ஊரில் கொஞ்ச காலம் இருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து ஏழாவது கடற்படை நிஜமாகவே வந்துவிட்டது. 2022 ஆகஸ்ட் 7, காட்டுப்பள்ளி. அத்திப்பட்டுக்குக் கூப்பிடு தூரம். வந்தது சார்ல்ஸ் ட்ரூ என்ற கப்பல். ஏழாவது கடற்படையின் போர்க்கப்பல்களுக்குச் சரக்கும் தளவாடமும் சுமந்துபோகிற கப்பல். மிரட்ட வரவில்லை. ரிப்பேருக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. டெல்லியிலிருந்து பாதுகாப்புத் துறைச் செயலரே நேரில் வந்து வரவேற்றார். எல் அண்ட் டி கப்பல் தளத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நின்றது. கயிறு போட்டு இழுக்கும் வேலை எதுவும் எங்களுக்குத் தரவில்லை.

அந்த வாரம் நான் டீக்கடையில்தான் இருந்தேன். இப்போது கான்கிரீட் கடை, தகர ஷட்டர், சுவரில் டி.வி. நிக்சன், எண்டர்பிரைஸ், டாக்கா, மணல் மேடு எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பையனிடம், "தம்பி, காட்டுப்பள்ளிக்கு அமெரிக்கன் நேவி கப்பல் வந்துருக்குதே, தெரியுமா?" என்றேன்.

"தெரியும் அங்கிள். வெல்டர் எடுக்கிறாங்களா? டே ஷிப்ட்டுக்கு என்னா தருவானுங்க?"

1971இல் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. இதைவிட நியாயமான கேள்வியும் கிடையாது. அதே வாரம், ஆகஸ்ட் 13ஆம் தேதி, சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் காலமானார். இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெயர் கடையில் யாருக்கும் தெரியவில்லை; ஏழாவது கடற்படை என்ற பெயரும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் மேத்யூ பெர்ரி என்று இன்னொரு கப்பல் வந்தது. 1853இல் கறுப்புக் கப்பல்களோடு போய் மிரட்டி ஜப்பானின் கதவைத் திறக்க வைத்த தளபதியின் பெயர் அதற்கு. அப்புறம் 2023 ஜூனில் மோடி வாஷிங்டன் போனபோது இரு தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில், அமெரிக்கக் கடற்படைக்கும் காட்டுப்பள்ளி கப்பல் தளத்துக்கும் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் ஆகியிருப்பதாக ஊர் பெயரோடு ஒரு வரி வந்தது. வெள்ளை மாளிகை அறிக்கையில் காட்டுப்பள்ளி! பொன்னேரி தாலுகா ஆபீஸ் கடிதத்தில் அந்தப் பெயர் வரவைக்க அங்கே மனுக் கட்டோடு நடந்த மீனவர்களை எனக்குத் தெரியும். கப்பல் தளத்துக்கு இடம் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்குக் குடிபோனவர்கள் அவர்கள்.

அத்திப்பட்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் 2001இல் வந்த 'சிட்டிசன்' படத்தைக் கேட்காமல் விடுவதில்லை. அதில் வருவது அத்திப்பட்டி, கற்பனை ஊர், வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. எங்கள் கேஸ் வேறு. வரைபடத்தில் அத்திப்பட்டு புதுநகர் என்று கூடுதலாக ஒரு ஸ்டேஷனே சேர்ந்திருக்கிறது. உப்பளத்தைத்தான் காணோம்.

உப்பளம் போய்க் கரி வந்தது. 1994இலிருந்து 1996க்குள் வட சென்னை அனல் மின் நிலையத்தின் மூன்று யூனிட்டுகள், சேர்த்து 630 மெகாவாட். அதற்குக் கரி இறக்க என்று தொடங்கி 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம், 2014 முதல் காமராஜர் துறைமுகம். பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட். வட சென்னையிலேயே இரண்டாம் கட்டம் 1,200, மூன்றாம் கட்டம் 2024இல் 800. ஆரம்பத்தில் ஒடிசாவின் தால்ச்சர் கரி, பாரதீப் வரை ரயிலில் வந்து அங்கிருந்து கப்பல் ஏறி வந்தது. பிறகு இந்தோனேசியக் கரியும் கலந்தது. கலிமந்தான் காட்டுக்கு அடியில் கிடந்தது எரிந்து, சாம்பலாகி, குழாயில் கரைசலாக ஓடி, குழாய் ஓட்டையான இடத்திலெல்லாம் கொசஸ்தலை ஆற்றுக் கழியில் படிந்தது. காற்றடிக்கும் நாளில் மாடியில் காயப்போட்ட வடகத்தின்மேலும் படியும். இந்தோனேசியாவோடு எங்களுக்கு இருக்கும் உறவு இவ்வளவு நெருக்கமானது. அந்நாட்டுத் தலைநகர் எது என்று கேட்டால் வடகம் போட்ட அம்மாவுக்குத் தெரியாது.

அந்தத் தலைநகரில் 2022 ஜனவரி முதல் தேதி ஒரு உத்தரவு போட்டார்கள்: இந்த மாதம் யாருக்கும் கரி கிடையாது. அவர்கள் நாட்டு மின் நிலையங்களிலேயே கையிருப்பு வற்றிவிட்டதாம். அதிலிருந்து மீள்வதற்குள் பிப்ரவரி 24 வந்தது, உக்ரைனுக்குள் ரஷ்யா. ரஷ்யக் கரியை விட்ட ஐரோப்பா மற்ற நாட்டுக் கரிக்குப் பணத்தை வீசியது. உலகச் சந்தையில் டன் 400 டாலரைத் தாண்டியது. மே மாதம் மின் நிலையங்கள் பத்தில் ஒரு பங்கு வெளிநாட்டுக் கரி வாங்கிக் கலந்தே தீர வேண்டும் என்று டெல்லி வற்புறுத்தியது. அதாவது விலை உச்சாணியில் இருக்கும்போது வாங்கச் சொன்னது. செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியது. மின்வாரியத்தின் பழைய கடன் முதல் அதற்குப் பல காரணம் உண்டு, புதினை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் ஆலைப் புகையைப் பார்த்துக்கொண்டே மின்கட்டண ரசீதைக் கையில் வைத்திருந்த எங்கள் தெருவில், புதினைக் குறை சொல்லக்கூட ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "ஏ.சி. நெறைய ஓடிச்சா?" என்று மாமியாரும் மருமகளும்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை இருந்திருந்தால் ஜகார்த்தாவுக்கு ஒன்று, மாஸ்கோவுக்கு ஒன்று என்று கண்டனம் போயிருக்கும். மாஸ்கோவுக்கு என்னும்போது கொஞ்சம் மென்று முழுங்கியிருப்பார்.

நாங்கள் உலகத்தோடு இணைந்தது 1991க்குப் பிறகு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். கையில் டாலர் தீர்ந்து, அந்த ஜூலையில் 47 டன் தங்கத்தைப் பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் இந்தியா அடகு வைத்ததே, அதிலிருந்துதானாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வடக்கே கொஞ்ச தூரம் போனால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையை முடித்தார்கள். அதற்கு முந்திய வருஷமே போர்த்துக்கீசியர் வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள், அதனால் கோட்டை. உள்ளூர்த் துணியை வாங்கி ஜாவாவுக்கும் மசாலாத் தீவுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கோட்டைக்குள் வெடிமருந்து செய்து பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பத்தாவியாதான் இன்றைய ஜகார்த்தா. 1620களில் பஞ்சத்திலும் சண்டையிலும் சிக்கியவர்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பாதுகாப்பு, வர்த்தகம், மனிதர்கள் மூன்றும் ஒரே ஓலையில் ஒரே கணக்காக எழுதப்பட்ட இடம் அது. அன்று இந்தக் கரையிலிருந்து ஜகார்த்தாவுக்குத் துணியும் வெடிமருந்தும் போனது. இன்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கரைக்குக் கரி வருகிறது. இரண்டுக்கும் விலை சொன்னது நடுவில் இருந்த வேறு யாரோ.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாக என் காலம் போனது. பில் ஆஃப் லேடிங்கும் ஷிப்பிங் பில்லும்தான் என் சர்வதேச உறவுகள் படிப்பு. அந்தத் தொழிலில் யாரும் உலக அரசியல் பேசமாட்டார்கள். "வெசல் டிலே" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கப்பல் குறுக்கே நின்றபோதும் அதே சொல். 2023 நவம்பரில் காஸா போரைக் காரணம் காட்டி ஹூதிகள் செங்கடலில் ஒரு கப்பலைப் பிடித்து, பிறகு கப்பல்கள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனபோதும் அதே சொல். நான் ஓய்வு பெற்றுவிட்ட பிறகும் பழைய ஆபீஸ் பையன் ஒருவன் போன் செய்து, "சார், கேப் வழியா போவுதாம், பத்து பதினஞ்சு நாள் ஜாஸ்தி, பார்ட்டி கத்துறான்" என்பான். காஸாவில் என்ன நடக்கிறது என்பது அவனுக்கு அந்தப் பத்துப் பதினைந்து நாள். எனக்கு வேறு என்ன என்று நானும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரே ஒரு தடவைதான் எங்கள் வட்டாரம் உலகச் செய்தியை முழுசாகப் படித்தது. 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. வருஷக்கணக்காகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தது என்றார்கள். ஐயோ பாவம் என்று டி.வி.யை அணைப்பதற்குள் அடுத்த செய்தி: மணலியில், ஒரு கண்டெய்னர் கிடங்கில், 37 பெட்டியில் ஏறக்குறைய 700 டன் அதே சரக்கு இருக்கிறது. தென்கொரியாவிலிருந்து வந்து 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. லெபனான் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு மணலி புதுநகரில் பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறது, பயம் வேண்டாம் என்றார்கள். அப்படிப் பத்திரமாக இருந்ததை ஏன் ஒரே வாரத்துக்குள் ஹைதராபாதுக்கு லாரி ஏற்ற ஆரம்பித்தார்கள் என்பதை யாரும் விளக்கவில்லை. கடைசி லாரி கிளம்பியதும் லெபனான் மறுபடி மறந்துபோனது. ஐந்து வருஷம் அதன் பக்கத்தில் சோறு தின்றவர்கள் நாங்கள். பெய்ரூட்டில் வெடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் தின்றுகொண்டிருப்போம்.

பஜ்ஜி விஷயத்துக்கு வருகிறேன், அது இன்னும் முக்கியம். 2022 மார்ச்சில் சூரியகாந்தி எண்ணெய் விலை தாவியது. இந்தியாவுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உக்ரைனும் ரஷ்யாவும் கொடுத்தன. இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. பாமாயில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த எங்கள் ஸ்டேஷன் பக்கத்துப் பஜ்ஜிக்கடை அம்மாவுக்கு ஏப்ரல் 28இல் அடுத்த அடி: இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்றரை வாரம் தடை. கரியையும் எண்ணெயையும் ஒரே வருஷத்தில் ஒரே நாடு மடக்கியது. வாழைக்காய் உள்ளூர், கடலை மாவு உள்நாடு, மிளகாய்த்தூள் வீட்டில் இடித்தது. ஆனாலும் பஜ்ஜி இரண்டு கண்டங்களின் தயவில் பொரிந்தது. அந்த அம்மா விலையை ஏற்றவில்லை. வாழைக்காயை மெல்லிசாகச் சீவினார். எண்ணெயில் மிதக்கும்போது அந்தப் பக்கம் தெரிந்தது. வல்லரசுகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு இதைத் தவிர வேறு என்ன செய்துவிட முடியும்?

அவரிடம் ஒரு காலண்டர் உண்டு; மாதத்தின் முதல் தேதி மட்டும் சிவப்பு மையில் சுழித்திருக்கும். சம்பள நாள் என்று நினைத்தேன். "கேஸு" என்றார். பத்தொன்பது கிலோ வணிக சிலிண்டர் விலை மாதாமாதம் முதல் தேதி மாறும். இந்தியா எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பங்கு வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக. சவூதி அராம்கோ அறிவிக்கும் மாத விலையை வைத்துத்தான் இங்கே கணக்குப் போடுகிறார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் அடித்துக்கொண்டு, ஹோர்முஸை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது, பஜ்ஜிக்கடை அம்மா என்னிடம், "அண்ணே, நீங்க படிச்சவரு. ஒண்ணாம் தேதி ஏறுமா?" என்றார். அந்தக் காலத்துப் பெஞ்சாக இருந்தால் ஈரானா இஸ்ரேலா என்று இரண்டு கட்சி பிரிந்து மூன்று டீ ஓடியிருக்கும்.

சர்வதேச உறவு என்பது ஆள் உருவத்தில் வந்து நின்றதும் எங்கள் பக்கம்தான். கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம். சிப்காட் இரும்பாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பெயின்ட் அடிக்கிற வேலைக்கு அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். எங்கள் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, கும்மிடிப்பூண்டியில் படித்து, பேச்சில் "இன்னாண்ணே" என்று எங்களையே தோற்கடிக்கும் ஒரு இளைஞனிடம், "சொந்த ஊர் எது தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "பேப்பர்லயாண்ணே, நெசத்துலயா?" என்றான். 1964இல் சிரிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து இலங்கையின் மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று நாட்டின் பெயர் இருந்தது, இலங்கை இல்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பலகையை மாற்றி மறுவாழ்வு முகாம் என்று எழுத மாநில அரசு சொன்னது. பலகைக்குப் பெயின்ட் அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

2022 மே மாதம் இலங்கை திவாலாகிக் கிடந்தபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசிக் கப்பல் போனது. மொத்தம் 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து. பால் பவுடர் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தக் கை குலுக்கும் டின் ஞாபகம் வந்தது. தின்பவர்களாக இருந்த நாங்கள் கொடுப்பவர்களாகிவிட்டோம் என்று பெருமையாகத்தான் இருந்தது. வாங்கித் தின்றவர்கள் பிறகு எங்களைத் திட்டினார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. திட்டியிருந்தால் கணக்கப்பிள்ளை சந்தோஷப்பட்டிருப்பார்.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருந்தால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் தெரியும். 1992இல் ரஷ்யா இந்தியாவுக்குக் கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம் தரக்கூடாது என்று அமெரிக்கா இஸ்ரோமேல் தடை போட்டது. தராவிட்டால் போகிறது என்று நாமே வருஷக்கணக்கில் கட்டி முடித்தோம். 2025 ஜூலை 30 மாலை, அந்தக் கிரையோஜெனிக் எஞ்சின் பொருத்திய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு மேலே போனது. தராதே என்றவன் தன் சரக்கை அதிலேயே ஏற்றி அனுப்பினான். இதைவிடப் பழிவாங்கல் வேண்டுமா என்று நான் பூரித்து நின்றேன். அதே நாளில் அதே அமெரிக்காவின் ஜனாதிபதி டிரம்ப், இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதம் வரி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கு அதற்குமேல் அபராதம் என்று அறிவித்துவிட்டார்.

பக்கத்து மாடியில் என் சித்தப்பா மகன். பழவேற்காட்டுப் பக்கம் குத்தகைக்குக் குளம் எடுத்து வனாமி இறால் வளர்க்கிறான். வனாமியின் பூர்வீகம் பசிபிக் கரை, லத்தீன் அமெரிக்கா. அதன் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. அதற்கு வந்த சிக்கலுக்குக் காரணம் ரஷ்ய எண்ணெய். வளர்க்கிற குட்டை மட்டும் நம்முடையது. அவன் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்து ஏஜென்டோடு கத்திக்கொண்டிருந்தான். ஏஜென்ட் கம்பெனி எடுக்காது என்கிறான், எடுத்தாலும் விலை இறங்கும் என்கிறான், ஆகஸ்ட்டுக்குள் கப்பல் ஏற்றினால் பரவாயில்லை என்கிறான். வரி எல்லாம் சேர்ந்து 50 சதவீதம் ஆனது ஆகஸ்ட் 27இல். அன்றைக்கு மாடியில் அது யாருக்கும் தெரியாது.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, குளத்துல இப்ப கிலோவுக்கு அறுபது கவுண்ட் நிக்குது. இன்னும் இருபது நாள் வுட்டா நாப்பதுக்கு வந்துடும், நல்ல ரேட்டு. வுடட்டுமா, இப்பவே புடிச்சிடட்டுமா? நீங்க ஷிப்பிங்ல இருந்தவரு, சொல்லுங்க."

"மோடி ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கறத நிறுத்துவாரான்னு பாக்கணும்" என்றேன்.

"எப்ப தெரியும்?"

"அது எப்படிப்பா எனக்குத் தெரியும்?"

"ஏரேட்டர் கரண்டு பில்லு, தீவனம் எல்லாம் தெனம் தெனம் ஓடுதுண்ணே. மோடி சொல்ற வரைக்கும் இறாலு சாப்டாம இருக்குமா?" என்றவன் மறுபடி போனை எடுத்து வலைக்காரர்களை விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொன்னான். ஐஸுக்கு இன்னொரு ஆளிடம் பேசினான். இருபது பெட்டி போதுமா முப்பதா என்று அவர்களுக்குள் ஒரு தகராறு. கடைசியில் இருபத்தைந்து என்று ஒப்பந்தமானது.